மாமாவின் வெள்ளை மாவு

திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் குடும்பத்தை உலுக்கினாலும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர் ஒருத்தர் உதிர்வார். எங்கள் குடும்பத்தில் உதிர்ந்தவர் மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர். இருபது வயதில் போர் வண்டியில் ராடு மாட்டும் வேலைக்குப் போனவர், பிறகு டிரில்லர் ஆனார். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று முப்பது வருஷம் அடுத்தவர் தோட்டத்தில் ஓட்டை போட்டுவிட்டு, இப்போது வேலூர்ப் பக்கம் (பரமத்தி வேலூர், கோட்டை இருக்கும் வேலூர்க்காரர்கள் மன்னிக்க) இரண்டு எருமையும் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலுமாக உட்கார்ந்திருக்கிறார்.

மாமாவுக்குக் கல் படிக்கத் தெரியும். போர் போடும்போது பிட் இறங்க இறங்க, கம்ப்ரசர் காற்று குழிக்குள்ளிருந்து பொடியை ஊதி மேலே தள்ளும். வண்டிக்கு அந்தப் பக்கம் குவியும் அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலால் உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். ஒரு ராடு இருபது அடி. ராடுக்கு ஒரு தடவை இந்தச் சோதனை நடக்கும். சிவப்பு, பழுப்பு, சாம்பல், கருப்பு என்று நிறம் மாறிக்கொண்டே வரும். தோட்டத்துக்காரர் முகம் அவர் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருக்கும். பொடி ஈரமாக வந்தால் ஊரே சிரிக்கும். ஆனால் ஒரு பொடி மட்டும் மாமாவுக்கு ஆகாது.

“வெள்ள மாவு வந்துச்சுன்னா எனக்கு வெசனம் புடிச்சுக்கும் மாப்ளே. அரிசி மாவாட்டம் வரும். முந்நூறு அடி, நானூறு அடி, அதே மாவுதான். பிட்டு தேயும், டீசல் போகும், தண்ணி வராது.”

சொந்த ஊர்ப் பக்கத்திலேயே அப்படி இரண்டு மூன்று தோட்டத்தில் மாட்டிக்கொண்டாராம். அந்த வெள்ளை மாவைப் பற்றி அவர் அதற்கு மேல் யோசித்ததில்லை. நானும்தான். 2019ல் வாட்ஸ்அப் எங்கள் இருவரையும் யோசிக்க வைத்தது.

சந்திரயான்-2 கிளம்பிய சமயம். “நாமக்கல் மண் நிலவுக்குச் செல்கிறது” என்று ஒரு பார்வர்டு சுற்றியது, ராக்கெட் படமும் முட்டைக்கோழி படமும் போட்டு. மாமாவிடமிருந்து போன்.

“மாப்ளே, நம்மூரு மண்ண நெலாவுக்குக் கொண்டுட்டுப் போறாங்களாமா? அங்கென்ன மண்ணு இல்லாமயா கெடக்குது?”

நியாயமான கேள்வி. மண் நிலாவுக்குப் போகவில்லை, பெங்களூர் வரைக்கும்தான் போனது என்று விளக்கினேன். அவருக்கு ஏமாற்றம். எனக்கோ அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். போன மாதம் ஊருக்குப் போனபோது மாமாவை எக்செல் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, அந்த மண் போன நாமக்கல் மாவட்டத்துக் குன்னமலை, சித்தம்பூண்டிப் பக்கம் ஒரு நாள் முழுக்கச் சுற்றியும் வந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளும், டீ வைத்துக்கொண்டு படிக்கவும்.

முதலில், மாமாவின் வெள்ளை மாவுக்கு மூலமான அந்தக் கல்லின் பெயர்: அனார்த்தோசைட். பெயரைக் கேட்டால் மாத்திரை மாதிரி இருக்கிறது. பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். பளபளப்பு கிடையாது. காட்டு வேலி ஓரம் வெயிலில் கிடந்து பழுத்த, அழுக்கு வெள்ளைக் கல். அதில் ஒன்றைப் பொறுக்கி இன்னொன்றின் மேல் ஓங்கிப் போட்டு உடைத்தோம். உடைந்த முகம் வேறு மாதிரி. கல்லுப்பை அள்ளி அமுக்கி வைத்த மாதிரி வெள்ளை மணிகள், வெயிலுக்குத் திருப்பினால் சில மணிகள் தட்டையாக மின்னும். இடையிடையே கடுகு சிதறியதுபோல் கருப்புப் புள்ளிகள். நூறு ரூபாய் லென்ஸை வைத்துப் பார்த்தால் அந்தக் கருப்பு கொஞ்சம் பச்சை கலந்த கருப்பு. இந்தக் கருப்புப் புள்ளியை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வேண்டும்.

வெள்ளை மணிக்குப் பெயர் பிளாஜியோகிளேஸ். இது சோடியம் அதிகமானதிலிருந்து கால்சியம் அதிகமானது வரை பல பக்குவத்தில் கிடைக்கும் ஒரு கனிமக் குடும்பம். சித்தம்பூண்டியில் கிடைப்பது கால்சியம் கோடியில் இருப்பது, அனார்த்தைட் என்பார்கள். உலகத்தில் பிளாஜியோகிளேஸ் இல்லாத இடம் குறைவு. ஆனால் இவ்வளவு கால்சியத்தோடு, பாறை முழுக்க அதுவே நிறைந்து கிடக்கும் இடங்கள் அபூர்வம். வயது ஏறத்தாழ 250 கோடி வருஷம். ஏ.பி. சுப்ரமணியம் என்ற புவியியலாளர் 1956லேயே இந்தப் பாறைத் தொகுதியை விரிவாக ஆராய்ந்து அமெரிக்க இதழில் எழுதியிருக்கிறார். அன்றைக்கு இது சேலம் மாவட்டம், மெட்ராஸ் மாநிலம். மனிதன் நிலாவில் கால் வைக்க இன்னும் பதின்மூன்று வருஷம் இருந்தது.

போகிற போக்கில் ஒன்று. இதே கல்லோடு குருந்தக்கல்லும் கிடைக்கும்; மாணிக்கமும் நீலமும் அந்தக் குருந்தத்தின் நிறம் கொண்ட வடிவங்கள்தாம். ஆங்கிலத்தில் அந்தக் கனிமத்துக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனது. மாமாவிடம் சொன்னேன். “பேரு போச்சு, காசு வந்துச்சா?” என்றார்.

சரி, இஸ்ரோவுக்கு எதற்கு இந்தக் கல்?

ரோவர் என்ற இருபத்தேழு கிலோ வண்டியொன்றை நிலாவில் ஓட்ட வேண்டும். ஆறு சக்கரம். சிக்கிக்கொண்டால் இறங்கித் தள்ள ஆள் கிடையாது. ஆகவே முன்கூட்டியே இங்கே ஓட்டிப் பழக்கவேண்டும், அதுவும் அந்த மண்ணிலேயே. ஆற்று மணலில் ஓட்டிப் பார்த்தால் போதாதா என்றால், போதாது. ஆற்று மணல் உருண்டு புரண்டு மழுங்கியது. நிலாவில் ஆறு இல்லை, காற்று இல்லை. எதுவும் எதையும் மழுக்குவதில்லை. விண்கல் பொடிகள் கோடிக்கணக்கான வருஷமாக மோதி மோதி உடைத்துப் போட்ட தூள் அது. ஒவ்வொரு துகளும் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர். சராசரியாக ஒரு துகள் நம் தலைமுடியின் தடிமன் இருக்கும். 1972 டிசம்பரில் அப்பல்லோ-17ல் போன ஹாரிசன் ஷ்மிட், கலத்துக்குள் வந்து கவசத்தைக் கழற்றியதும் மூக்கடைத்து, ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி ஆகிவிட்டார். நிலாவுக்குப் போன முதல் புவியியலாளர் அவர். தன் பாடத்துக்கே ஒவ்வாமை!

அமெரிக்கர்கள் தங்கள் தேவைக்குச் செயற்கை நிலாமண் செய்து வைத்திருந்தார்கள். அதில் பேர்போன ஒன்று அரிசோனா எரிமலைச் சாம்பலில் செய்தது. அது நிலாவின் கருப்புப் பகுதிக்குப் பொருந்தும். நாம் ‘முயல்’ என்று காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டுகிறோமே, அந்தக் கரும்பட்டைகள் பசால்ட் எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். முயலைச் சுற்றியிருக்கும் வெள்ளை நிலப்பரப்பு வேறு பாறை, மேட்டுநிலம், அனார்த்தோசைட். நம்மவர்கள் இறங்க நினைத்த தென்துருவப் பக்கம் முழுக்க அந்த மேட்டுநிலம்தான். தேவைப்பட்டதோ அறுபது எழுபது டன். வெளியே வாங்கினால் கட்டுப்படியாகாது என்று, அப்போது பெங்களூரு செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இங்கேதான் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறை வருகிறது. பேராசிரியர் அன்பழகனும் அவர் குழுவினரும் மண் கேட்டு ஆள் வருவதற்கு முன்பே சித்தம்பூண்டிக் கல்லை வேறொரு காரணத்துக்காக அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு கல்லின் மேல் ஒளி பட்டால் எந்த நிறத்தை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்ற கணக்கு. அந்தக் கையெழுத்து தெரிந்தால், சுற்றிவரும் செயற்கைக்கோள் நிலாவைப் பார்க்கும்போது கீழே என்ன பாறை என்று சொல்லிவிடலாம். அந்த ஆய்வு அப்போதே வெளியாகியிருந்தது. ஆகவே கல் எங்கே என்ற கேள்விக்குப் பதில் கைவசம் இருந்தது. குன்னமலை, சித்தம்பூண்டிக் கற்கள் சேலம் போய், கிரஷரில் அரைபட்டு, சல்லடையில் சலித்து, பெங்களூரு போய்ச் சேர்ந்தன. திருச்சி என்.ஐ.டி.யின் மண் பொறியியல்காரர்கள் அதன் இறுக்கம், உராய்வு எல்லாம் நிலாமண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். 2014ல் கேட்ட காப்புரிமை 2020ல் இஸ்ரோவுக்குக் கிடைத்தது.

மண் சரி, எடை? நிலாவில் எல்லாம் ஆறில் ஒரு பங்குதான் கனக்கும். அதற்கு வண்டியை ஹீலியம் பலூனில் கட்டி மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்களாம். திருவிழாவில் பலூன்காரர் பின்னால் போகும் குழந்தை மாதிரி அந்த ரோவர் நாமக்கல் பொடியில் ஊர்ந்து போவதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும்.

இவ்வளவும் பத்திரிகையில் வந்ததுதான். எனக்குத் தூக்கம் கெட்டது வேறொரு கேள்வியால். எங்கள் ஊர்க் கல் ஏன் நிலாவில் கிடக்கிறது? இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா? இரண்டும் இல்லை. அப்புறம்?

அதற்கு 1969க்குப் போகவேண்டும். அப்பல்லோ-11 இறங்கியது முயலின் மேல், அதாவது கருப்புச் சமவெளியில். ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அள்ளிவந்த மொத்தம் 22 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் சில கிராம் மண், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஜான் வுட் என்பவரின் குழுவுக்கு வந்தது. மற்றவர்கள் பெரிய கற்களுக்கு அடித்துக்கொண்டிருக்க, இவர்கள் மண்ணில் கலந்திருந்த பொடிக்கற்களைச் சலித்தெடுத்து, ஒவ்வொன்றாக நுண்நோக்கியில் வைத்துப் பிரித்தார்கள். நம் வீட்டில் அமத்தா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்குவாரே, அதே வேலை. எதிர்பார்த்தபடி கிட்டத்தட்ட எல்லாம் கருப்பு. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் பொடிகள். சோதித்தால் அனார்த்தோசைட்.

சமவெளி முழுக்கக் கருங்குழம்பு என்றால் வெள்ளைப் பொடி எங்கிருந்து வந்தது? தூரத்து மேட்டுநிலத்தில் விண்கல் மோதியபோது தெறித்து வந்து விழுந்தது என்றார்கள். அப்படியானால் மேட்டுநிலம் முழுக்க இந்தக் கல்தானா? ஒரு கோளின் மேல்தோல் முழுக்க ஒரே கனிமத்தால் ஆனதா? அப்படி ஆவதற்கு ஒரு வழிதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு காலத்தில் நிலா உருகிக் கிடந்திருக்க வேண்டும். பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு, கரையே இல்லாத நெருப்புக் குழம்புக் கடல். அது ஆற ஆறக் கனமான கனிமங்கள் அடியில் இறங்க, கனம் குறைந்த பிளாஜியோகிளேஸ் மேலே மிதந்து ஆடை கட்டியிருக்கிறது. பாலைக் காய்ச்சி இறக்கி வைத்தால் நடப்பதை நினைத்துக்கொள்ளலாம் (பாலில் நடக்கும் வேதியியல் வேறு, பார்வைக்குச் சொல்கிறேன்). அந்த ஆடைதான் நாம் பார்க்கும் வெள்ளை நிலா. 1970 ஜனவரியில் ஹூஸ்டனில் கூடிய மாநாட்டில் இதைச் சொன்னார்கள். சிகாகோவில் ஜோசப் ஸ்மித் குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தது.

விரல் நுனியில் ஒட்டும் வெள்ளைப் பொடியை வைத்துக்கொண்டு ஒரு கோளே எரிந்து கிடந்தது என்று சொல்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். படித்தபோது எனக்கு மாமாவின் உள்ளங்கைதான் ஞாபகம் வந்தது. அவரும் ஒரு சிட்டிகையை வைத்துக்கொண்டு முந்நூறு அடிக்குக் கீழே இருப்பதைச் சொன்னவர்தானே.

அடுத்தடுத்துப் போனவர்களுக்கு அந்த வெள்ளைக் கல்லைப் பெரிய துண்டாகக் கொண்டுவரச் சொல்லி வேலை. ஆனால் போகிறவர்கள் விமானிகள். கல்லைப் பார்த்து இனம் காணத் தெரியவேண்டுமே? லீ சில்வர் என்ற பேராசிரியர் அப்பல்லோ-15 ஆட்களைக் கலிபோர்னியாவின் சான் கேப்ரியல் மலைக்கு அழைத்துப் போய், அங்கே கிடக்கும் அனார்த்தோசைட்டைக் காட்டிப் பழக்கினார். 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் ஸ்பர் என்ற பள்ளத்தின் விளிம்பில், சேற்றில் நட்டு வைத்தாற்போல் நின்ற ஒரு வெள்ளைக் கல்லைப் பார்த்த மாத்திரத்தில் அதுதான் இது என்று கண்டுகொண்டார்கள். கால் கிலோ சொச்சம். பத்திரிகைக்காரர்கள் அதற்கு ‘ஆதிக் கல்’ என்ற பொருளில் பைபிள் பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டார்கள். 400 கோடி வருஷத்துக்கும் மூத்தது.

பூமியில் பார்த்துவைத்த கண் நிலாவில் உதவியது. இதற்குத் தலைகீழாக இன்னொன்று நடந்தது, அண்டார்டிகாவில். அங்கே பனிப்பாறை மெல்ல நகர்ந்து, மலை குறுக்கிடும் இடத்தில் மேலெழுந்து, காற்றில் கரைந்து தேயும். ஆயிரக்கணக்கான வருஷமாகப் பனிக்குள் புதைந்த விண்கற்களெல்லாம் அந்த இடத்தில் மேலே வந்து சேர்ந்து கிடக்கும். வெள்ளைப் பரப்பில் கருப்புக் கல், போய்ப் பொறுக்கவேண்டியதுதான். 1982 ஜனவரியில் ஆலன் ஹில்ஸ் பகுதியில் நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிய கல் ஒன்று கிடைத்தது. அறுத்துப் பார்த்தால் கரும்பரப்பில் வெள்ளைத் துண்டுகள். அந்த வெள்ளையை அப்பல்லோ கற்களோடு ஒப்பிட்டவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நிலாவிலிருந்து பூமிக்குத் தானாக வந்து விழுந்த கல் என்று இனம் காணப்பட்ட முதல் கல் அது. அதற்கு முன்பு நிலாக் கல் விழவே இல்லையா? விழுந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இன்னொன்று இல்லை.

விஞ்ஞானிகளுக்கு ஏன் பாலைவனம், பனிப்பாறை, எரிமலை, கோள் என்று ஓயாமல் அலையவேண்டியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நீளமான பதில்கள் உண்டு. எனக்குப் பிடித்த பதிலை மாமா சொன்னார், அன்று குன்னமலையிலிருந்து திரும்பும் வழியில் இளநீர் குடித்துக்கொண்டே.

“ஒரே சீமைல ஓட்ட போட்டவனுக்குக் கல்லு தெரியாது மாப்ளே. ராஜஸ்தான்ல ஒருக்கா இதே மாதிரி வெள்ள மாவு வந்துச்சு. போச்சுறா, நம்மூரு சனியன் இங்கயும் வந்துருச்சுன்னு நெனச்சேன். பாத்தா பிட்டு வெண்ணைல எறங்கறாப்ல எறங்குது. கேட்டா அது பளிங்காமா. நெறம் ஒண்ணுதான், சாதி வேற. நம்மூர்லயே கெடந்திருந்தா வெள்ளையெல்லாம் ஒண்ணுன்னு நெனச்சுட்டுச் செத்திருப்பேன்.”

பூமி ஒன்றை மட்டும் பார்த்தவர்களுக்கும் அதே கதிதான். இங்கே தண்ணீர் எல்லாவற்றிலும் புகுந்து வேலை பார்க்கிறது. பாறையைக் கரைக்கிறது, உருகவைக்கிறது, கனிமத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இங்கே உட்கார்ந்து தெரிந்துகொள்ள வழியில்லை. நிலாவைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது கருப்புப் புள்ளிக்கு வரலாம்.

எங்கள் ஊர்க் கல்லும் நிலாக் கல்லும் ஒன்று என்று நான் ஆரம்பத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். படிக்கப் படிக்கத்தான் விஷயம் சுவாரசியமானது. முகம் ஒன்று, பிறந்த விதம் நேர் எதிர். நிலாவின் பிளாஜியோகிளேஸில் கால்சியம் மிகுந்திருப்பதற்குக் காரணம், அங்கே சோடியம் மிகக் குறைவு. நிலா ஒரு பெரிய மோதலில் பிறந்தது என்கிறார்கள். அந்தச் சூட்டில் எளிதில் ஆவியாகும் சரக்கெல்லாம் பெரும்பாலும் போய்விட்டது. தண்ணீரும் சோடியமும் அதில் சேர்த்தி. வற்றி வறண்ட குழம்பில் பிறந்த கல் அது. சித்தம்பூண்டியில் நடந்தது வேறு. 250 கோடி வருஷத்துக்கு முன்னால், ஒரு கடல்தரை இன்னொரு தட்டுக்கு அடியில் செருகிப்போன இடத்தில், அது சுமந்துபோன தண்ணீர் மேலேயிருந்த பாறையில் கலந்து உருகவைத்த குழம்பிலிருந்து இது வந்திருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். குழம்பில் நீர் கலந்திருந்தால் பிளாஜியோகிளேஸ் கால்சியத்தையே கூடுதலாக இழுத்துக்கொண்டு படிகமாகும் என்பது ஆய்வகத்தில் செய்து பார்த்த சங்கதி. ஆக, அங்கே தண்ணீர் இல்லாததால் வந்த முகம். இங்கே தண்ணீர் இருந்ததால் வந்த முகம்.

இதற்குச் சாட்சிதான் அந்தக் கடுகுப் புள்ளி. அது ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம். தன் அணுக்கட்டமைப்புக்குள்ளேயே தண்ணீரின் கூறுகளைப் பூட்டி வைத்திருப்பது. அப்பல்லோ கொண்டுவந்த 382 கிலோவில் இதைத் தேடினால் எடுத்துக்காட்டும் அளவுக்குக்கூடத் தேறாது. எங்கள் ஊர் வேலியோரக் கல்லில் சாதாரணமாகக் கிடக்கிறது. நாமக்கல் பொடியை நிலாமண் என்று சொல்பவர்கள் சக்கரம் உருள்வதற்குச் சொல்கிறார்கள். அந்த வேலைக்கு அது அசல்தான். மற்றபடி நிலாமண்ணில் இருக்கும் உருகிய கண்ணாடித் துணுக்குகள் இதில் கிடையாது. நிறமும் கொஞ்சம் வெளுப்பு. பௌர்ணமியன்று பாலாகப் பொழிகிற நிலா, கிட்டே போனால் தார் ரோடு நிறம்தான். இது தெரிந்த அன்று மாமா அரைமணி நேரம் என்னோடு பேசவில்லை.

கதையின் பின்பாதி உங்களுக்குத் தெரியும். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2ன் இறங்குகலமான விக்ரம் விழுந்து நொறுங்கியது. நாமக்கல் பொடியில் பழகிய ரோவர் வெளியே வரவேயில்லை. அன்று ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்திருந்த மாமா, நானூறு அடியில் ராடு சிக்கிக்கொண்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து போனார். பிறகு 2023 ஆகஸ்ட் 23. விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 இறங்கியது. ரோவர் 100 மீட்டர் சொச்சம் ஓடியது, 23 இடங்களில் நின்று மண்ணைச் சோதித்தது. சக்கரத்துக்கு நடுவே ஒரு சின்னக் கருவி. அது மண்ணின் மேல் கதிர்களைப் பாய்ச்சி, திரும்பி வருவதை வைத்து உள்ளே என்னென்ன தனிமம் என்று கணக்கிடும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அகமதாபாத் ஆய்வகக் குழு முடிவை வெளியிட்டது. போன இடமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே மண், அனார்த்தோசைட் வகை. அப்பல்லோ போனதெல்லாம் நிலநடுக்கோட்டை ஒட்டி. துருவப் பக்கத்து மண்ணை இறங்கித் தொட்டுப் பார்த்தது இதுவே முதல் தடவை, அங்கேயும் அதே ஆடை. ஜான் வுட் குழு ஒரு சிட்டிகையில் பார்த்த குழம்புக் கடல் அந்தக் கோடி வரைக்கும் விரிந்திருந்தது என்பதற்கு இது நல்ல ஆதாரம். எதிர்பார்த்ததைவிட மக்னீசியம் கொஞ்சம் கூடுதலாகவும் இருந்தது. பக்கத்தில் இருக்கும் பிரம்மாண்டமான மோதல் பள்ளம் ஆழத்திலிருந்து தோண்டியெறிந்த சரக்கு அதில் கலந்திருக்கலாம் என்கிறார்கள்.

நான் அதிகம் ரசித்தது வேறொன்று. இறங்குகலத்திலிருந்து ஒரு வெப்பமானியை மண்ணில் குத்தினார்கள். முதலில் வெளியான வரைபடத்தில் மேற்பரப்பு ஏறக்குறைய 50 டிகிரி. எட்டு சென்டிமீட்டர் கீழே மைனஸ் 10. விரல் நீளம்! மேலே சித்திரை வெயில், சுண்டுவிரல் ஆழத்தில் ஐஸ்பெட்டி. அந்தப் பொடி அவ்வளவு பஞ்சுபோல, காற்றும் இல்லாமல் கிடப்பதால் சூடு கீழே இறங்குவதேயில்லை. மாமாவிடம் சொன்னதும் அவர் கணக்குப் போட்டார். “அப்ப எட்டு சென்டிமீட்டருக்குக் கீழ தண்ணி இருந்தா கட்டியாத்தான இருக்கோணும்?” இந்தக் கேள்வியைத்தான் துருவத்துக்குப் போகும் எல்லா நாட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். 2009ல் சந்திரயான்-1 தந்த தகவலிலிருந்துதான் அந்தத் தேடல் சூடு பிடித்தது என்றும் சொன்னேன்.

குன்னமலையில் உடைத்த கல்லில் ஒரு துண்டு இப்போது மாமா வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. வெற்றிலைக் கட்டு பறக்காமலிருக்க அதன் மேல் வைக்கிறார். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அதைக் கையில் எடுத்து, கருப்புப் புள்ளியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“இதுக்குள்ள தண்ணி இருக்குதுன்னு சொன்னீல்ல?”

“ஆமாங் மாமா. தண்ணியா இல்ல, கல்லோட கல்லாக் கட்டிக் கெடக்குது. அந்தக் கருப்ப மட்டும் நூறு கிராம் எடுத்தா ரெண்டு கிராம் தேறும்.”

“எடுக்கறதுக்கு?”

“ஆயிரம் டிகிரிக்கு வறுக்கோணும்.”

கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை வெற்றிலைக் கட்டின் மேல் பழையபடி வைத்துவிட்டு, உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

“ஏ புள்ள, கேட்டியா? நல்லூர்ல நானூத்தி அம்பது அடி போட்டுத் தண்ணியில்லைன்னு வந்தமே... இருந்திருக்குதாமா!”